இடுக்கு சாரின் மறைவுக் குடில்

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்மட்டத்தில் வெட்டிய நீளமான இடுக்கு வழியாகத் தன் வீட்டுக் கூடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் இடுக்கு சார். வெளியே அவருடைய மனைவி சோபாவில் கால் நீட்டி நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். பெட்டியிடமிருந்து சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி கேட்கிறது:

"நான் உள்ள இருக்கறது தெரியுதா?"

"தெரியலை," என்கிறார் மனைவி, நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூச்சு விடற சத்தம்?"

"அது கேட்கலை. பெட்டி பேசற சத்தம்தான் கேட்குது."

பெட்டி பேச்சை நிறுத்திக்கொள்கிறது. மனைவி டீ போட்டு எடுத்து வருகிறார். டம்ளர் இடுக்கில் நுழையவில்லை. சாய்த்துப் பார்க்கிறார், திருப்பிப் பார்க்கிறார், கடைசியில் பெட்டியின் தலையைத் திறந்து மேலிருந்து இறக்குகிறார். உள்ளே இருப்பவருக்கு அதில் பரம சந்தோஷம். டம்ளர் நுழையாத இடுக்கு நல்ல இடுக்கு. டம்ளர் நுழைந்தால் கை நுழையும், கை நுழைந்தால் எவனாவது அதை வெளியே நீட்டி ஆட்டுவான், ஆட்டினால் பறவை போச்சு. வாசலுக்கு வந்த கூரியர்காரர் முதல் குடும்பம் குட்டியோடு வந்த சொந்தக்காரர்கள் வரை எல்லோரும் இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்து வணக்கம் சொல்லப் பழகிவிட்டார்கள்.

சாருக்குத் தொழில் கட்டடம் வரைவது. ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலத்தில் பறவைகள் காப்பகம் ஒன்று உண்டு. அங்கே வருகிறவர்கள் கரையில் நின்று "அதோ பாரு, அதோ பாரு" என்று கை நீட்டுகிறார்கள். நீட்டிய கையைப் பார்த்ததும் பறவை எதிர்க்கரையைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் காப்பகத்துக்கு ஒரு மறைவுக் குடில் தேவைப்பட்டது. ஆள் உள்ளே இருக்க வேண்டும், பறவை வெளியே இருக்க வேண்டும். ஆளுக்குப் பறவை தெரிய வேண்டும், பறவைக்கு ஆள் தெரியக் கூடாது. கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. சாரிடம் கொடுத்தால் எதுவும் சுலபமாக முடியாது.

இடுக்கு சார் என்ற பெயர் தச்சர்கள் வைத்தது. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், அது உட்பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று மனிதர் அரைநாள் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மூத்த தச்சர், "இடுக்குக்கு இவ்வளவு சொல்றீங்களே, கதவு வேணுமா வேணாமா?" என்றார். அன்று வைத்த பெயர் காப்பகம் முழுக்கப் பரவி, வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. மனைவியே ஃபோனில், "இடுக்கு சார் குளிக்கறாரு, அப்புறம் கூப்பிடுங்க," என்கிறார்.

ஆள் நெடுநெடுவென்று உயரம். ஆனால் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். யானை போகிற வாசலானாலும் சரி. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு இழுப்பு டேப். உட்கார்ந்திருக்கிற மனிதர்களின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். குடிலில் குழந்தைக்கு ஒரு இடுக்கு, பெரியவர்களுக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒன்று என்று திட்டம். பல் டாக்டரிடம் போன இடத்தில் காத்திருந்தவர்களை வரிசையாக அளக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் ஏதோ ஆஸ்பத்திரி வழக்கம் போலிருக்கிறது என்று பேசாமல் நிமிர்ந்து உட்கார்ந்து கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் டேப்பைப் பார்த்தார், சாரின் உயரத்தையும் கறுப்புச் சட்டையையும் பார்த்தார், சவப்பெட்டி செய்கிறவர் என்று முடிவு கட்டி, வீங்கிய கன்னத்தோடு எழுந்து ஓடியே போய்விட்டார்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. சிரிக்காமல் கேட்க வேண்டிய விஷயம்தான், ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். இடுக்கு சார் கட்டிய எதுவும் கடைசியில் சாமான் அறையாகிவிடும்.

அவர் வீடுகள் வரைவதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு அபிப்பிராயம் அதிகம் என்பது அவருடைய அபிப்பிராயம். பொதுக் கட்டடம் மட்டும்தான். பூங்காவில் வாத்தியக் கச்சேரிக்கென்று ஒரு மண்டபம் வரைந்தார். இப்போது அதில் உடைந்த நாற்காலிகள் கச்சேரி பண்ணுகின்றன. பயணிகள் மழையில் நனையாமல் நிற்க அழகான ஒரு நிழற்குடை. கட்டி முடித்த கையோடு பஸ் வேறு தெருவில் திரும்பிவிட, நகராட்சி அங்கே பூந்தொட்டிகளை அடுக்கிவிட்டது. தொட்டிகள் நனையவில்லை என்பது உண்மை. நூலகத்துக்குச் சேர்த்துக் கட்டிய வாசிப்பு அறையில் பழைய ஓட்டுப் பெட்டிகள் தூங்குகின்றன. வெளியே எதற்குப் போக வேண்டும், வீட்டிலேயே மாடியில் தனக்கென்று ஒரு வரைபட அறை கட்டிக்கொண்டார். வடக்கு வெளிச்சம், அகலமான மேசை, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. அந்த மேசைமேல் இன்றைக்கு மனைவியின் சூட்கேஸ்கள் இருக்கின்றன. பக்கத்தில் மச்சான் வாங்கி ஏறிப் பார்க்காத உடற்பயிற்சி சைக்கிள்.

"நான் என்ன பண்றதுங்க," என்கிறார் மனைவி. "ஒரு இடம் காலியா இருந்தா எனக்குக் கண்ணை உறுத்துது. நீங்க கட்டறது எல்லாமே, எதையாவது உள்ள வைன்னு கூப்பிடற மாதிரியே இருக்கு."

இது சாருக்குச் சுருக்கென்று தைத்த இடம். தான் வரைந்த கட்டடத்துக்குள் அவர் செருப்பைக் கழற்றுவதில்லை. அதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்: "ஆள் வந்து புழங்கற வரைக்கும் அது வேலை நடக்கற இடம். சேறு, ஆணி, எல்லாம் கிடக்கும். செருப்போட போகலாம். யாருக்காகக் கட்டினோமோ அவங்க வந்துட்டாங்கன்னு வை, அப்புறம் அது அவங்க இடம். வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் நுழையணும்." இதுவரை கழற்றும்படி நேரவில்லை. மாடி அறைக்குள்ளும் செருப்புக் காலோடு டக் டக்கென்று போவார். மனைவி கத்தினால், "உள்ள யாரு இருக்கா, மரியாதை கொடுக்க? உன் சூட்கேஸா?" என்பார். சொல்லும்போது குரலில் விளையாட்டு இருக்கும். முகத்தில் இருக்காது.

காப்பகத்தின் அதிகாரி ஒரு பெண்மணி. நல்ல மாதிரி, ஆனால் ஒளிவுமறைவு இல்லாதவர். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டியவர், கையோடு ஒன்றையும் சொல்லிவைத்தார்.

"ஒரு பருவம் விட்டுப் பார்ப்போம் சார். ஜனங்க உள்ள உட்கார்ந்து பறவை பார்த்தாங்கன்னா ரொம்ப சந்தோஷம். பார்க்கலேன்னா தப்பா நினைக்காதீங்க. எங்க துடுப்பு, மண்வெட்டி, தள்ளுவண்டி எல்லாம் எதிர்க்கரைக் கொட்டகையில நனைஞ்சு துருப்பிடிக்குது. ஒழுகாத இடம் ஒண்ணு எனக்கு அவசரமா வேணும்."

சாமான் அறை என்ற வார்த்தையை அந்த அம்மாள் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றிலிருந்துதான் அவர் கொக்காக மாறினார். பறவைக்கு என்ன தெரிகிறது என்று பறவையிடமே கேட்க முடியாது. ஆகவே நாமே பறவையாகிவிடுவது என்று தீர்மானித்தார். ஃபிரிட்ஜ் பெட்டியை மச்சானின் வண்டியில் ஏற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கரையில் நிறுத்தினார். பெட்டிக்குள் மச்சானை உட்காரவைத்தார். தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தலையில் ஒரு கட்டு நாணலைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றார்.

"அத்தான், ஒத்தைக்கால் எதுக்கு?" என்றது பெட்டி.

"கொக்கு அப்படித்தான் நிக்கும்."

"தண்ணிக்குள்ள எத்தனை கால்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். நீ கையை ஆட்டு. ம்... தெரியுது. பின்னாடி சாய்ஞ்சுக்கோ. இன்னும் மூக்கு தெரியுது."

"அது நான் பொறக்கும்போதே அப்படித்தான் அத்தான்."

காவலர் சைக்கிளில் ரோந்து வந்தவர், தண்ணீரில் ஒரு நாணல் கட்டு பெட்டியோடு சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை நிறுத்தாமலே திரும்பிப் போனார். அதிகாரியிடம் என்ன சொன்னாரோ, அடுத்த முறை அந்த அம்மாள் ஒரு ஃபிளாஸ்க்கில் சூடாகக் காப்பி கொடுத்தனுப்பினார்.

இப்படி நின்று நின்று சார் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நிழலாகத் தெரிந்துவிடும். ஆகவே பின்சுவரில் துவாரமே கூடாது, உட்புறம் இருட்டு நிறம். கதவு தண்ணீரைப் பார்க்கக் கூடாது, முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வருகிற பாதைக்கு இருபுறமும் நாணல் தட்டி, அப்போதுதான் ஆள் வருவதும் போவதும் தெரியாது. தரைப் பலகை கிறீச்சிடக் கூடாது. கூரைதான் அவருடைய பெருமை. பளபளக்கிற தகரம் வேண்டாம் என்று, தாழ்வாக, லேசான சரிவாக அமைத்து, நீர் இறங்காமல் காபந்து பண்ணி, அதன்மேல் மண் பரப்பிப் புல்லும் நாணலும் நட்டார். தள்ளி நின்று பார்த்தால் கரை கொஞ்சம் மேடுதட்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். தச்சர்களே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

திறப்பு நாளன்று ஓய்வுபெற்றவர்களின் நடைக்குழு ஒன்றை அதிகாரி அழைத்திருந்தார். எல்லோரும் தொப்பியும் தொலைநோக்கியுமாக வந்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, இடுக்குகளில் கண் வைத்தார்கள். ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு இடுக்குக்கும் அச்சாகப் பொருந்தியது. சார் பின்சுவரோரம் நின்றார். செருப்புக் காலோடுதான். ஆனால் ஒரு குதிகாலை வாரிலிருந்து லேசாக வெளியே எடுத்து வைத்திருந்தார். முதல் பறவை தெரிந்ததும் போய்க் கழற்ற வேண்டுமே.

வெளியே தண்ணீர் இருந்தது. நாணல் இருந்தது. மேகம் தண்ணீரில் தெரிந்தது. பறவை மட்டும் இல்லை.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்கு," என்றார் ஒருவர், மரியாதைக்கு.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு தலைக்கு மேல் 'தட், தட், தட்' என்று சத்தம்.

"மேல யாரோ நடக்கறாங்க."

"பெருக்கறாங்க போல."

தொடர்ந்து ஒரு பெரிய 'தொப்'. இன்னொரு 'தொப்'. ஒரு சிறகடிப்பு, ஒரு முணுமுணுப்பு, யாரோ யாரையோ நெட்டித் தள்ளுகிற சத்தம். இடுக்குக்கு வெளியே உயிருள்ள ஒரு மீன் மேலிருந்து கீழே போனது. நடைக்குழுவே அதைக் கண்ணால் பின்தொடர்ந்தது.

சார் மெல்லக் கதவைத் திறந்து வெளியே போய், எக்கிக் கூரையைப் பார்த்தார். கூரைமேல் ஒரு சந்தையே கூடியிருந்தது. நாரைகள், நீர்க்காகங்கள், வாத்துகள், நடுவில் சபைத்தலைவர் மாதிரி ஒரு கூழைக்கடா. அத்தனையும் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தன. அடுத்த கணம் எல்லாம் எழும்பிப் பறந்தன. அவர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து, "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்றார்.

"எதை?" என்றது நடைக்குழு.

சத்தம் மேலே போய், பின்பக்கமாகவே மறைந்துவிட்டிருந்தது. முகத்தில் ஈயாடாமல் நின்றார் மனிதர். எடுத்து வைத்திருந்த குதிகாலைத் திரும்பச் செருப்புக்குள் தள்ளிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. மனைவி பெட்டிக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"இத்தனை நாள் கொக்கா நின்னீங்களே, ஒரு தடவையாவது பறந்தீங்களா?"

"நான் எப்படிம்மா பறக்கறது?"

"நீங்க பறக்க மாட்டீங்க. அது பறக்கும் இல்ல?"

மனிதர் தண்ணீரில் நிற்கிற கொக்காகவே யோசித்திருக்கிறார். எதிரில் ஒரு சுவர், அதில் ஒரு இடுக்கு, உள்ளே ஒரு மூக்கு. இதுவே அவருக்கு உலகமாகப் போய்விட்டது. மேலிருந்து பார்க்கிற பறவைக்கு அந்தக் கூரை எப்படித் தெரியும்? நாய் ஏற முடியாத உயரம், காலுக்கு இதமான மண், காற்றுக்கு மறைவாக நாணல், காலை வெயில் நேராக விழுகிற சரிவு. அந்தச் சதுப்பு நிலத்திலேயே அதற்கு ஈடான இடம் கிடையாது. இருந்த பறவைகளெல்லாம் மூட்டை முடிச்சோடு அங்கே குடிவந்துவிட்டன. அந்தக் காப்பகத்தில் பறவை கண்ணில் படாத இடம் ஒன்று உண்டென்றால் அது மறைவுக் குடிலின் உட்புறம்தான்.

அவர் சும்மா விடவில்லை. கூரையில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையை நிறுத்தினார், தன்னுடைய பழைய கறுப்புச் சட்டையை மாட்டி. மறுநாள் போய்ப் பார்த்தால் பொம்மையின் தோளில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தது. "உங்க சட்டை மேல இவ்வளவு உரிமையா நான்கூடச் சாய்ஞ்சதில்லை," என்றார் மனைவி. மச்சான் தன் பங்குக்கு மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி இடுக்கு வழியாக வெளியே நீட்டச் சொன்னான். கூரை அதில் தெரியும் என்பது கணக்கு. ஒரு நாரை இறங்கிவந்து, கண்ணாடியில் தெரிந்த நாரையைப் பார்க்கப் பிடிக்காமல், அதைக் கொத்திக் குச்சியோடு பறித்துத் தண்ணீரில் போட்டுவிட்டது.

"அதுக்கு உங்களை அடையாளம் தெரியுது அத்தான்," என்றான் மச்சான். "ஒத்தைக்கால்ல நின்ன போட்டிக்காரர்னு வஞ்சம் வெச்சிருக்கு."

புல்லையும் நாணலையும் பிடுங்கிவிட்டுத் தகரம் போட்டால் விஷயம் முடிந்தது என்று தச்சர் சொன்னார். சார் கடப்பாறையும் கையுமாக ஏணியில் ஏறினார். நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கவில்லை. இவரைப் பார்த்து, வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தது. அவர் இறங்கி வந்து ஏணியை எடுத்துப் படுக்கவைத்துவிட்டார். அதற்குப் பிறகு காப்பகத்தின் பக்கமே போகவில்லை. டேப்கூடச் சட்டைப் பையில் இல்லை. பல் டாக்டரிடம் வந்தவர்கள் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பருவம் முடிகிற சமயத்தில் அதிகாரியிடமிருந்து ஃபோன் வந்தது. "ஒருதடவை வந்துட்டுப் போங்க சார்," என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று சாருக்குத் தெரியும். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனார். 'மேடம், இன்னும் ஒரு பருவம் கொடுங்க' என்று ஆரம்பம். பத்தியம் இருக்கிறவர் மாதிரி முகம்.

அலுவலகத்தில் யாருமில்லை. மறைவுக் குடிலுக்குப் போனார். அங்கேயும் யாருமில்லை, பெஞ்சில் தூசி, தலைக்கு மேல் தட் தட். வெளியே காவலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் எதிர்க்கரைக் கொட்டகையில இருக்காங்க சார். நீங்களும் போங்க. சத்தம் போடாம போகணும், அம்மா உத்தரவு."

கொட்டகை என்றால், துடுப்பும் மண்வெட்டியும் துருப்பிடிக்கிற அதே பழைய பலகைக் கொட்டகை. கரையைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார் சார். உள்ளே இருட்டில் நடைக்குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. கவிழ்த்த வாளிகள்மேல் சிலர், சிமெண்ட் மூட்டைமேல் சிலர், தள்ளுவண்டிக்குள் சௌகரியமாக ஒரு பெரியவர். சுருங்கி விலகிப்போன பலகைகளுக்கு நடுவே ஆளுக்கொரு சந்தில் கண். புதிது புதிதாக யார் யாரோ குழந்தைகளோடு வந்திருந்தார்கள். மூலையில், ஒரு பெயிண்ட் டப்பாமேல், அவருடைய மனைவி. பக்கத்தில் மச்சான்.

"நீ எங்க இங்க?" என்றார் சார், அதிர்ந்துபோய்.

"உஷ்," என்றது கொட்டகை முழுவதும்.

"போன மாசத்திலேர்ந்து வரேன்," என்று கிசுகிசுத்தார் மனைவி. "உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலை. இங்க வாங்க. இந்தச் சந்துல பாருங்க."

குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே அவருடைய கூரை. மேடை போட்டு, விளக்குப் போட்டு நிறுத்திய மாதிரி வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. கூழைக்கடா அலகை மார்பில் புதைத்துக்கொண்டு தூங்கியது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கறுப்புச் சட்டைப் பொம்மையின் இரண்டு தோளிலும் இரண்டு மீன்கொத்திகள். நாணலுக்குள்ளிருந்து அந்த நீர்க்கோழி வெளியே வந்தது. அதன் பின்னால் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாக அதன் குஞ்சுகள், சரிவில் தடுக்கி, உருண்டு, எழுந்து, மறுபடியும் ஏறின. கடைசிக் குஞ்சு வாத்தின் முதுகில் விழுந்தது. கொட்டகை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இடுக்கு சாருக்கு அப்போது வந்தது வருத்தமா சந்தோஷமா என்று கேட்டால் அவராலேயே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் டேப்பைத் தேடினார். இல்லை. விரலாலேயே அந்தச் சந்தை அளந்தார்.

"இது சாய்வா இல்லை," என்றார் மெதுவாக. "பின்பக்கம் கதவுல ஓட்டை இருக்கு, வெளிச்சம் வருது. நிழல் தெரியும். இது இடுக்கே இல்லை."

"உஷ்!"

"அத்தான், உங்க மூக்கு தெரியுது, பின்னாடி சாய்ஞ்சுக்கோங்க," என்றான் மச்சான்.

அதிகாரி அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். அந்த அம்மாளுக்கு இப்படிச் சுற்றி வளைத்துப் பேசி வழக்கமில்லை; கொஞ்சம் திணறினார்.

"சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தினம் ஆள் வருது. உட்கார இடமில்லை. இந்தத் துடுப்பு, மண்வெட்டி, மூட்டை எல்லாத்தையும் இங்கிருந்து எடுத்தாத்தான்... வெச்சுக்க வேற இடமும் இல்லை. உங்க குடில் ஒரு சொட்டு ஒழுகலை சார். பாதையில தட்டி வேற இருக்கு, நாங்க போயிட்டு வர்றதே மேல இருக்கறதுங்களுக்குத் தெரியாது..."

"சாமான் அறைக்கு ரொம்ப வசதி," என்றார் சார்.

"நீங்க வேணாம்னா வேணாம் சார். நான் வேற ஏதாவது பார்க்கறேன்."

சார் தயார் பண்ணி வந்த பேச்சு வாய்வரை வந்தது. இன்னும் ஒரு பருவம் என்று கேட்டிருந்தால் அந்த அம்மாள் கொடுத்திருப்பார். மனைவி பெயிண்ட் டப்பாவிலிருந்து எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து வழியாக வந்த வெளிச்சக் கீற்று அவர் முகத்தில் குறுக்கே விழுந்திருந்தது. சார் மனைவியைப் பார்த்தார், ஒருமுறை சந்து வழியாகக் கூரையைப் பார்த்தார். பிறகு தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போய், "ஐயா, கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?" என்றார்.

துடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் வண்டியில் அடுக்கினார். மேலே சாக்கைப் போட்டு மூடினார், பளபளப்புத் தெரியக் கூடாதென்று. சக்கரம் கிறீச்சிட்டது, மூலையிலிருந்த எண்ணெய் டப்பாவை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, சுழற்றிப் பார்த்து, திருப்தியானதும்தான் கிளம்பினார். மச்சான் கூட வர எழுந்தான். "நீ வேணாம். நீ மூச்சு விட்டா சத்தம் வரும்," என்று அவனை உட்காரவைத்துவிட்டார்.

கரையைச் சுற்றி, நாணல் தட்டிகளுக்கு நடுவே, குனிந்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மேலே யாரும் எழும்பவில்லை. குடிலின் கதவருகே வண்டியை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டார். தட், தட், தட். அதற்கு நடுவே, கிள்ளிப் போட்ட மாதிரிச் சின்னச் சின்னதாக நிறையக் காலடிகள்.

இடுக்கு சார் செருப்புகளைக் கழற்றி, வாசலோரம் ஜோடியாக வைத்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.